வெற்றியாளருக்கு ஸ்டூல் கிடையாது

பாத்திரக்கடையில் வேலை பார்க்கிறவர்களுக்குச் சில வருஷத்தில் காது மந்தமாகும், அதற்கு முன்பே கால் வீங்கும், வாய் மட்டும் எந்தச் சேதமும் இல்லாமல் இருக்கும். அந்த வாயை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன். மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டை ஒட்டிய கடை. ஷட்டர் தூக்கியதிலிருந்து இறக்கும்வரை நின்றபடியே அண்டா, குண்டா, குக்கர், குத்துவிளக்கு என்று எடுத்துக் காட்டுவது என் வேலை. துணிக்கடை, நகைக்கடை, செருப்புக்கடை என்று நீங்கள் எங்கே நின்று சம்பளம் வாங்கினாலும் எனக்குச் சொந்தக்காரர்தான். கால் வலியைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் கடையில் பித்தளைக் குடங்களுக்குப் பின்னால் இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல் இருந்தன. கூட்டம் இல்லாத நேரத்தில் மாற்றி மாற்றி உட்காருவோம். முதலாளியும் கண்டும் காணாமல் இருப்பார். போன தீபாவளிக்குப் பிறகு அவர் வெற்றிப் புத்தகங்கள் படிக்க ஆரம்பித்தார். அவர் படித்த வேகத்தில் ஸ்டூல் இரண்டும் காணாமல் போயின. என்கூட வேலை பார்க்கும் கலா வயிற்றில் பிள்ளையோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் எப்படி உட்கார்ந்தாள் என்பதைத்தான் சொல்லப் போகிறேன். நடுநடுவே எனக்குக் கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாம்பாளத்தில் முகம்

முதலாளி கெட்டவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்ல மனசு வராது. அவரை சார் என்றுதான் கூப்பிடுவோம். ஜிஎஸ்டி ரோட்டில் ஒரு ஹோட்டல் மாடியில் மாதம் ஒருமுறை வியாபாரிகள் கோட் போட்டுக்கொண்டு கூடுவார்கள். அங்கே போனவர் ஒரு புத்தகத்தோடு திரும்பி வந்தார். அடுத்த முறை ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். பிறகு கல்லாவுக்குப் பக்கத்தில் வெள்ளி விளக்கு வைத்திருந்த கண்ணாடி அலமாரியைக் காலி செய்து அதில் புத்தகம் அடுக்கினார். கையில் எப்போதும் ஒரு மஞ்சள் மார்க்கர். பிடித்த வரியின் மேல் கோடு விழும். மறுநாள் காலையில் அந்த வரி எங்கள் தலையில் விழும்.

முதலில் விழுந்தது கண்ணாடி. தினமும் காலையில் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து 'நான் வெற்றியாளர்' என்று சத்தமாகச் சொன்னால் வெற்றி வந்துவிடுமாம். ஆளுக்கொரு கண்ணாடி கடையில் இல்லை. சார் யோசித்து, புது எவர்சில்வர் தாம்பாளங்களை எடுத்து ஆளுக்கொன்றாக எங்கள் கையில் கொடுத்தார். பாதி தூக்கிய ஷட்டருக்குப் பின்னால் வரிசையாக நின்று, தட்டில் தெரிகிற கோணல் முகத்தைப் பார்த்து, 'நான் வெற்றியாளர், இன்று என் நாள்' என்று கத்தினோம்.

இருட்டோடு எழுந்து, சமைத்து, பிள்ளைகளைக் கிளப்பி, பம்மலிலிருந்து பஸ்ஸில் நசுங்கி வந்தவள் நான். அந்த நேரத்து என் முகத்தைப் பார்க்க எனக்கே பிடிக்காது. வெற்றியாளர் என்று சொல்லச் சொல்ல அழுகைதான் வந்தது. கத்தி முடித்ததும் கைரேகை போகத் தாம்பாளத்தைத் துடைத்து மறுபடி விற்பனைக்கு வைக்க வேண்டும், அது வேறு. வாசலில் ஷேர் ஆட்டோவை நிறுத்தியிருந்த டிரைவர் ஷட்டருக்குக் கீழே குனிந்து எங்களையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உண்மையான அக்கறையோடு கேட்டார். "இன்னாக்கா, எல்லாரும் தட்டுல மூஞ்சப் பாத்துகினு கீறீங்க, பல்லுல எதுனா மாட்டிகிச்சா?"

பொங்கலுக்குப் புத்தகம்

பொங்கலுக்கு முன்னால் வேலையாட்களுக்குத் துணி கொடுப்பது எங்கள் மார்க்கெட்டில் எல்லாக் கடையிலும் உள்ள வழக்கம். பெண்களுக்குப் புடவை, ஆண்களுக்கு வேட்டி சட்டை. அதை நம்பித்தான் நாங்கள் தனியாகத் துணி எடுக்காமல் இருப்போம். இந்தத் தடவை சார் எங்களை வரிசையாக நிற்க வைத்து, துணி சீக்கிரம் சாயம் போய்விடும், அறிவுக்குச் சாயம் போகாது என்று பேசினார். பேசிவிட்டுப் பளபளவென்று காகிதம் சுற்றிய பொட்டலத்தை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். பிரித்தால் புத்தகம். பணக்காரர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்று அதில் போட்டிருக்கிறதாம். பணக்காரர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்று எனக்குப் படிக்காமலே தெரியும். பொங்கல் புடவையை எப்படி நிறுத்தலாம் என்று யோசிக்கிறார்கள்.

இதற்கு நன்றி வேறு சொல்ல வேண்டும். நன்றி சொல்லிக்கொண்டே இருந்தால் வாழ்க்கை உயரும் என்று ஒரு மஞ்சள் கோடு. ஒவ்வொருவராக முன்னால் போய், புத்தகத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நன்றி சொன்னோம். சார் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

கலாவுக்கு அது தலைப்பொங்கல். கடையில் கொடுக்கிற புடவையை மாமியாருக்குக் கொடுக்கலாம் என்று வாக்கு வேறு கொடுத்து வைத்திருந்தாள். விடுமுறை முடிந்து வந்ததும், மாமியார் என்ன சொன்னார் என்று கேட்டேன். கலா சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் சொன்னாள். "பொட்டலத்தப் பிரிச்சிப் பாத்துட்டு, உள்ள பிளவுஸ் பிட்டாவது இருக்கான்னு பக்கம் பக்கமா பொரட்டினாங்கக்கா."

'இல்லை' என்று சொல்லக் கூடாது

மாசி மாதத்தில் மஞ்சள் கோடு விழுந்த வரி இது. வாடிக்கையாளரிடம் 'இல்லை', 'முடியாது' என்ற இரண்டு வார்த்தைகளும் வரக் கூடாது. ஆனால் பாத்திரக்கடைக்கென்று ஒரு நியாயம் உண்டு. பேர் வெட்டிய பாத்திரத்தைத் திரும்ப எடுக்க மாட்டோம். சீர் பாத்திரமானாலும் அன்பளிப்பானாலும் கொடுப்பவர் பேரைச் சின்ன மிஷினால் அதில் வெட்டித் தருவோம். எங்கள் கடையில் அந்த வேலை யாக்கோபு அண்ணனுடையது. பம்மல்காரர், என் பஸ்ஸில்தான் வருவார். ஒருமுறை வெட்டிய பேரை அழிக்க முடியாது. தேய்த்தால் வடுத் தெரியும். அது அந்தப் பேருக்குரிய பாத்திரம், அவ்வளவுதான்.

சிட்லபாக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். ரிட்டையர் ஆனவர், நல்ல மிடுக்கு. தம்பி மகன் கல்யாணத்துக்கு என்று பெரிய எவர்சில்வர் அண்டா ஒன்றை எடுத்து, 'மணமக்களுக்கு அன்புடன், பெரியப்பா கோவிந்தராஜன்' என்று வெட்டச் சொல்லி வாங்கிப் போனார். அந்த வாரக் கடைசியில் ஆட்டோவில் அண்டாவோடு திரும்பி வந்தார். கல்யாணப் பத்திரிகையில் அவர் பேரைப் போடாமல் விட்டுவிட்டார்களாம். கல்யாணத்துக்கே போகப் போவதில்லையாம். எடுக்க முடியாது ஐயா என்று நான் வாயைத் திறப்பதற்குள் சார் ஓடி வந்து கும்பிட்டு, அண்டாவை வாங்கிக்கொண்டு, அவர் கேட்ட வேறு பாத்திரங்களைக் கொடுத்து அனுப்பினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "செல்வி, இது பிரச்சினை இல்ல, வாய்ப்பு. நீ வித்துக் காட்டு."

அந்த வாய்ப்பைத் தினமும் தூக்கி முன்னால் வைத்தேன். துடைத்தேன். தள்ளுபடி சொன்னேன். எழுத்து இருக்கும் பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். கடையில் எல்லோரும் அதற்குப் பெரியப்பா அண்டா என்றே பேர் வைத்துவிட்டார்கள். வண்டலூரிலிருந்து வந்த ஒரு அம்மா அதைச் சுண்டிப் பார்த்து, சத்தம் கணீரென்று இருக்கிறதென்று சந்தோஷப்பட்டு, விலையும் பிடித்துப் போய், கடைசியாக ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். நின்று நிதானமாகப் படித்தார். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார். "எனக்கு அண்டாதாம்மா வேணும், பெரியப்பா ஏற்கெனவே ரெண்டு பேர் இருக்காங்க."

மிஷினுக்கு ஒரு ஸ்டூல்

பங்குனியில் கலா எங்களிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாள், நாள் தள்ளிப் போயிருக்கிறது என்று. நானும் யாக்கோபு அண்ணனும் அவளைக் குடங்களுக்குப் பின்னால் அடிக்கடி உட்காரச் சொல்லி அனுப்பினோம். அந்தச் சமயம் பார்த்து சார் இன்னொரு புத்தகம் படித்து முடித்தார். உட்கார்ந்தால் மூளை தூங்கிவிடுமாம், வெற்றியாளர்கள் நின்றுகொண்டேதான் யோசிப்பார்களாம். ஸ்டூல்கள் மாடி குடோனுக்குப் போயின. கதவு பூட்டப்பட்டது. தனக்கும் நின்றுகொண்டே பில் போட உயரமான மேஜை ஒன்று செய்து வாங்கினார். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை, இடுப்பு பிடித்துக்கொண்டது. இப்போது அந்த மேஜை மேல் பூச்சாடி இருக்கிறது, சார் பழையபடி சுழல் நாற்காலியில் இருக்கிறார். எங்கள் இடுப்பைப் பற்றி அந்தப் புத்தகத்தில் ஒன்றும் போடவில்லை போலிருக்கிறது.

கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று நம் தமிழ்நாட்டில் சட்டமே இருக்கிறது. அதைச் சாரிடம் சொன்னேன், பயந்துகொண்டுதான் சொன்னேன். "அதெல்லாம் பெரிய கடைங்களுக்கும்மா" என்றார். பெரிய கடையில் நிற்கிற கால் வேறு, சின்னக் கடையில் நிற்கிற கால் வேறு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கையிலிருந்த கரண்டிக் கட்டை அப்படியே கீழே போட்டேன். தவறி விழுந்ததாக நினைத்துக்கொண்டார்கள்.

யாக்கோபு அண்ணனுடைய ஸ்டூலையும் எடுத்துவிட்டார்கள். மடியில் பாத்திரத்தை அணைத்துப் பிடித்தால்தான் பேர் வெட்டுகிறவருக்குக் கை நிலைக்கும். அவர் நின்றபடி வெட்டியதில், ஒரு குடத்தில் எழுத்தெல்லாம் இறங்கி இறங்கி அடிவயிற்றில் போய்ச் சேர்ந்தன. அடுத்த பாத்திரத்தில் மிஷின் ஊசி முறிந்தது. அன்று சாயங்காலமே அவர் ஸ்டூல் மட்டும் மாடியிலிருந்து இறங்கி வந்தது. வேறு யாரும் அதில் உட்காரக் கூடாது, கேமராவில் பார்ப்பேன் என்ற உத்தரவும் கூடவே வந்தது. அண்ணன் அதில் உட்காராமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஊசி ஒடஞ்சா ஸ்டூலு வந்துடுது பாத்தியா செல்வி, நம்ம மிஷினா பொறக்காம பூட்டோம், அதான் பேஜாரு."

பாராட்டு வந்தால் பயம்

வேலையாட்களைத் திட்டும்போது நேராகத் திட்டக் கூடாது, முன்னால் ஒரு பாராட்டு, நடுவில் திட்டு, பின்னால் ஒரு பாராட்டு என்று வைக்க வேண்டும். இது அடுத்த மஞ்சள் கோடு. சாருக்குப் பாராட்டிப் பழக்கமில்லை, வாய்க்கு வந்ததைப் பாராட்டுவார். "செல்வி, உன் குரல் நல்லா கணீர்னு இருக்கு. நேத்து ஒரு கஸ்டமர வெறுங்கையா அனுப்பிட்ட. உன் செருப்பு நல்லா இருக்கு." முன்பெல்லாம் திட்டுவார், முடிந்துவிடும். நாங்களும் டீ குடிக்கும்போது திருப்பித் திட்டிவிட்டு மறந்துவிடுவோம். இப்போது அவர் எதையாவது நன்றாக இருக்கிறது என்று சொன்னால், பின்னாலேயே திட்டு வருகிறதென்று பயந்தோம். மனிதர்கள் பேசுகிற நல்ல வார்த்தையையே கெடுத்து வைத்துவிட்டார் என்பதுதான் என் ஆத்திரம்.

ஒருநாள் கலா மாடிப்படியின் கீழ்ப்படியில் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டாள். தலை சுற்றல். கேமரா அதைப் பார்த்துவிட்டது. சற்று நேரத்தில் சார் கல்லாவிலிருந்து எழுந்து வந்து, சிரித்துக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னார். பாக்கியைச் சொல்வதற்குள் போன் அடிக்கவே போய்விட்டார். கலா முகம் வெளுத்து என்னிடம் வந்தாள். "அக்கா, சார் என் பொட்டு நல்லா இருக்குன்னு சொல்லிட்டாரு, நான் என்ன தப்புக்கா பண்ணேன்?"

நெஞ்சில் முதலாளி

கத்திரி வெயிலில் எங்களுக்கு பேட்ஜ் வந்தது. வேலைக்காரன் மனப்பான்மை போய் முதலாளி மனப்பான்மை வர வேண்டும் என்று, 'இந்தக் கடையின் முதலாளி நான்' என்று அச்சடித்து எல்லோருக்கும் ஊக்கு குத்திவிட்டார் சார். முதலாளி ஆன அந்த வாரத்திலேயே, வாடிக்கையாளர் இல்லாதபோது மின்விசிறி ஓடக் கூடாது என்ற உத்தரவும் வந்தது. ஒரு முதலாளி இப்படித்தான் யோசிப்பார் என்றார். தகரக் கூரை போட்ட பின்கட்டில், பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்த முதலாளிகளான எங்களுக்கு ஜாக்கெட் முதுகோடு ஒட்டிக்கொண்டது. கலா ஒரு தட்டை எடுத்து விசிறிக்கொண்டாள்.

நடு மத்தியானம் பம்மலிலிருந்து ஒரு அம்மா மகளுடைய குடித்தனத்துக்குப் பாத்திரம் எடுக்க வந்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டே என் பேட்ஜை எழுத்துக் கூட்டிப் படித்தார். முதலில் மரியாதையாகப் பார்த்தார். பிறகு ஃபேன் போடச் சொன்னார். வாடிக்கையாளர் வந்தாயிற்று, போடலாமா என்று நான் கல்லாவைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தேன். சார் சரியென்று தலையாட்டிய பிறகு சுவிட்சைத் தட்டினேன். அந்த அம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார். "மொதலாளின்னு குத்திகினு கீற, ஒரு ஃபேன் போட அவராண்ட கேக்குற, அத்த கழட்டி வெச்சிடும்மா, பாக்கவே கஷ்டமா கீது."

நாலு கட்டம்

ஆனி மாதம் கலாவுக்கு வயிறு தெரிந்தது, எல்லோருக்கும் விஷயம் தெரிந்தது. சாருக்கும் சொல்லியாயிற்று. வாழ்த்துச் சொல்லி ஒரு சாக்லேட் கொடுத்தார். ஸ்டூலைப் பற்றிப் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளை அதிக நேரம் நிற்காதே, தண்ணீர் நிறையக் குடி என்று சொல்லியிருந்தார். சாயங்காலமானால் கால் செருப்புக்குள் நுழையாது, கையில் எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடப்பாள். வேலையை விட்டுத் தொலை என்று சொல்வது சுலபம். அவள் வீட்டுக்காரருக்கு நிரந்தர வேலை கிடையாது. பிரசவத்துக்கு நம்பியிருப்பது இந்த வேலையோடு வந்த ஈஎஸ்ஐ கார்டைத்தான். வேலை போனால் அதுவும் போய்விடும் என்ற பயத்தில் அவள் வாயே திறக்காமல் இருந்தாள்.

அந்த நேரத்தில் சார் ஒரு வெள்ளைப் பலகை வாங்கி வந்து நாலு கட்டம் போட்டார். அவசரமானது, முக்கியமானது, அவசரமில்லாதது, முக்கியமில்லாதது என்று நாம் செய்கிற ஒவ்வொரு காரியத்தையும் ஏதாவது ஒரு கட்டத்தில் போட்டுவிட்டால் நேரம் மிச்சமாகுமாம். சரக்கு அடுக்குவது, விலைச்சீட்டு ஒட்டுவது எல்லாம் மேலே போயின. டீ, அரட்டை, பாத்ரூம் போவது மூன்றையும் அவரே கடைசிக் கட்டத்தில் எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டார். நாங்கள் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பாத்ரூம் சாவியை அவரிடம் கேட்டு வாங்கித்தான் நாங்கள் போக வேண்டும், அது போதாதா. யாருக்காவது சந்தேகம் இருக்கிறதா என்று கேட்டார். அதுவரை வாய் திறக்காத கலா தரையைப் பார்த்தபடி முதல் தடவையாக ஒரு வார்த்தை சொன்னாள். "சார், கீழ இருக்கிறதெல்லாம் எனக்கு மேல் கட்டத்துலதான் சார் வருது."

கோடு விழாத பக்கம்

கண்ணாடி அலமாரியைத் துடைப்பது என் முறை வந்தபோது சார் கடையில் இல்லை. ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். பொய் சொல்ல மாட்டேன், படிக்கப் படிக்க எனக்கே ஆச்சரியம். அதில் நல்ல விஷயம்தான் இருந்தது. உன்னிடம் வேலை செய்கிறவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேள் என்று இருந்தது. அவர்கள் உடம்பும் மனசும் நன்றாக இருந்தால்தான் உன் தொழில் நன்றாக இருக்கும் என்று ஒரு அத்தியாயம் முழுக்க இருந்தது. அந்த அத்தியாயத்தில் ஒரு இடத்திலும் மஞ்சள் இல்லை. காகிதம் புதுசாக, மடியாமல், வெள்ளை வெளேர் என்று இருந்தது. அதற்கு அடுத்த அத்தியாயம், பயப்படுவதைத் துணிந்து செய், சொகுசை விட்டு வெளியே வா என்பது. அங்கே பக்கமெல்லாம் மஞ்சள்.

எனக்கு அதுவரை புத்தகத்தின் மேல்தான் கோபம். அன்றைக்கு அது புத்தகத்தை விட்டு இறங்கி, மார்க்கர் பிடித்த கைக்குப் போய்ச் சேர்ந்தது. தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு, அடுத்தவருக்கு வேண்டியதைத் தாண்டிப் போயிருக்கிறார். யாக்கோபு அண்ணனைக் கூப்பிட்டு இரண்டு அத்தியாயத்தையும் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார், ஒரு தாளைத் தடவியும் பார்த்தார். பிறகு கோபமே இல்லாமல் சொன்னார். "நம்ம பக்கம் வரும்போது மட்டும் மார்க்கரு காஞ்சி பூடும்மா."

பயப்படுவதைச் செய்

ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு முந்தின நாள். கல்யாணச் சீர் எடுக்கக் கூட்டம் வரும் நாள். கலாவுக்கு ஏழாம் மாதம். காலைக் கூட்டத்தில் சார் உற்சாகமாக இருந்தார். உனக்கு எது பயமோ, அதை இன்றைக்குச் செய்ய வேண்டும் என்றார். நான் பார்த்த அதே மஞ்சள் அத்தியாயம். ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தோம். ஒரு பெண் வாடிக்கையாளரிடம் இங்கிலீஷில் பேசப் போவதாகச் சொன்னாள். நான் ஏணியின் உச்சிப்படி ஏறி அண்டா எடுக்கப் போவதாகச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் கைதட்டல். கலா முறை வந்தது. அவள் கையிலிருந்த தாம்பாளத்தை வைத்துவிட்டு மூலைக்குப் போய், விற்காமல் கிடந்த பெரியப்பா அண்டாவை உருட்டிக்கொண்டு வந்தாள். நடுக்கடையில் அதைக் கவிழ்த்துப் போட்டு, இடுப்பில் கையை ஊன்றி, அதன் மேல் உட்கார்ந்தாள்.

பாத்திரத்தின் மேல் உட்காருவது எங்கள் தொழிலில் நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாத காரியம். சோறு வேகிற பண்டம். கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். இத்தனை வருஷத்தில் எவ்வளவு கால் கடுத்தாலும் எங்களில் ஒருத்திக்கும் அந்த எண்ணம் வந்ததில்லை. சார் முகம் சிவந்து, "என்னம்மா இது, எழுந்திரு" என்றார். கலாவுக்குக் கண்ணில் தண்ணீர் நின்றது. ஆனால் எழுந்திருக்கவில்லை. "சார், இந்தக் கடையில எனக்கு இருக்கிற ஒரே பயம் உக்கார்றதுதான். வேலை போயிடுமோன்னு பயம். பயப்படுறதத்தானே செய்யச் சொன்னீங்க, செஞ்சிட்டேன் சார்."

கைதட்டவா வேண்டாமா என்று எங்களுக்குத் தெரியவில்லை. யாக்கோபு அண்ணன்தான் முதலில் தட்டினார். பிறகு நான் தட்டினேன், கை எரிகிற மாதிரி தட்டினேன். அதற்குள் ஷட்டரைத் தாண்டி ஒரு கல்யாண வீட்டுக் கும்பல் உள்ளே வந்துவிட்டது. பெண்ணின் அம்மா நேராகக் கலாவிடம் போய் எத்தனை மாசம் என்று விசாரித்தார், நீ உட்காரும்மா, உட்கார்ந்தே காட்டு போதும் என்றார். அத்தனை பேர் முன்னால் எழுந்திரு என்று சொல்ல சாருக்கு வாய் வரவில்லை. அன்று முழுக்க அவள் உட்கார்ந்தபடியே விலை சொன்னாள், நான் எடுத்துக் கொடுத்தேன். மறுநாளும் உட்கார்ந்தாள். வளைகாப்பு முடிந்து லீவில் போகும்வரை உட்கார்ந்தாள். பிள்ளை பிறந்த பிறகு வேலைக்கு வருவதாகவும், வந்தால் உட்காரத்தான் வருவாள் என்றும் என்னிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

ஸ்டூல்கள் இன்றுவரை மாடியில்தான் இருக்கின்றன. பெரியப்பா மட்டும் தலைகீழாகக் கவிழ்ந்து நடுக்கடையில் இருக்கிறார், நாங்கள் முறை வைத்து அவர் மேல் உட்காருகிறோம். பேர் வெட்டிய பாத்திரம், எந்த அடுப்பிலும் ஏறப் போவதில்லை, அதனால் பாவமில்லை என்று யாக்கோபு அண்ணன் தீர்ப்புச் சொல்லிவிட்டார். போன வாரம் சாருடைய ஹோட்டல் கூட்டத்து நண்பர்கள் சிலர் கோட்டோடு கடைக்கு வந்தார்கள். சார் அவர்களை நேராக அண்டாவிடம் கூட்டிக்கொண்டு போனார். போட்டோ எடுத்தார்கள். நான் அப்போதுதான் உட்கார்ந்திருந்தேன், நகரச் சொன்னார்கள், எழுந்து நின்றேன். சார் அண்டாவைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே அவர்களிடம் சொன்னார். "ஒரு சாதாரண சேல்ஸ் கேர்ளுக்கு இந்தத் தைரியம் எங்கேருந்து வந்துச்சு, எல்லாம் என் டிரெயினிங்."

வெற்றியாளர், வெற்றியாளர் என்று மாதக்கணக்கில் தட்டைப் பார்த்துக் கத்தியும் அந்தக் கடையில் வளர்ந்ததென்று நான் கண்ணால் கண்டது கலாவின் வயிறு ஒன்றைத்தான், அதற்குத்தான் அங்கே ஒரு ஸ்டூல் இல்லை.